கறுத்த எண்ணெயும் வெளுத்த சட்டமும்

மாலை மணி ஆறு. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலே பகலெல்லாம் இரும்போடு மல்லாடிய தொழிலாளி வீடு திரும்புகிறான். அயனம்பாக்கத்துத் தெருமுனையிலே ஒரு தள்ளுவண்டி. வண்டியின் மேல் அடுப்பு, அடுப்பின் மேல் வாணலி, வாணலி நிறைய எண்ணெய், எண்ணெயிலே மிதக்கிறது வாழைக்காய் பஜ்ஜி. மணம் அழைக்கிறது, பசி பிடரியைப் பிடித்துத் தள்ளுகிறது. நாலு பஜ்ஜி, மேலே ஒரு கரண்டி சட்னி, வீட்டிலே காத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு பொட்டலம். உழைத்துக் களைத்தவனுக்கு நாட்டிலே மிஞ்சிய உல்லாசம் அவ்வளவுதான்!

அந்த வாணலியை ஒருநாள் எட்டிப் பார்த்தோம். எண்ணெய் பொன்னிறமாக இல்லை. காப்பிக் கஷாயம்போல் இருந்தது. மாவு போட்டதும் நுரை பொங்கி விளிம்பு வரை ஏறிற்று. புகை கண்ணைக் கரித்தது.

"ஏம்மா, இது எப்போது ஊற்றிய எண்ணெய்?" என்று கேட்டோம்.

"முந்தாநாள் ஊத்துனதுங்க ஐயா. குறையக் குறையப் புதுசு கொஞ்சம் ஊத்திக்கிறேன். கீழே கொட்டச் சொல்றீங்களா? அப்புறம் எம் பொழப்பையே கொட்டுன மாதிரிதான்!" என்றார் அந்த அம்மையார்.

நண்பர்களே! அந்தப் பதிலிலே வஞ்சகம் இல்லை, வறுமை இருக்கிறது. அந்த அம்மையாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதற்காக இதை எழுதவில்லை. கூண்டில் ஏறவேண்டியவர்கள் வேறு இடத்திலே, குளிர்ந்த அறைகளிலே வீற்றிருக்கிறார்கள். அவர்களிடம் போவதற்கு முன், அந்த வாணலிக்குள்ளே நடப்பது என்ன என்பதைப் பகுத்தறிவின் துணைகொண்டு பார்ப்போம்.

எள்ளின் நெய்தான் எண்ணெய். எள் + நெய் = எண்ணெய். பிறகு கடலையிலிருந்து வந்ததும் எண்ணெய், தேங்காயிலிருந்து வந்ததும் எண்ணெய், கடல் கடந்து கப்பலிலே வந்த பனையும் எண்ணெய் என்றாயிற்று. பெயர் ஒன்றானாலும் குணம் ஒன்றல்ல. எண்ணெய்க்குப் பகைவர் நால்வர்: காற்று, ஒளி, வெப்பம், ஈரம். இந்த நால்வரில் யாருக்கு எந்த எண்ணெய் எளிதில் பணியும் என்பதிலேதான் வேற்றுமை.

காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயின் கொழுப்பு அமிலங்களோடு சேருகிறது. முதலில் பெராக்சைடுகள் உண்டாகின்றன. அவற்றுக்கு மணமும் இல்லை, சுவையும் இல்லை. திருடன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டான், நமக்குத் தெரியவில்லை! அந்தப் பெராக்சைடுகள் உடைந்து ஆல்டிஹைடுகளாக மாறும்போதுதான் சிக்கு வாடை அடிக்கிறது. தொண்டையிலே காறல் எடுக்கிறது. மூக்குக்குச் செய்தி எட்டும்போது கேடு பாதிவழி கடந்திருக்கும். ஒளி இந்த வேலையை விரைவாக்குகிறது. வெப்பம் இன்னும் விரைவாக்குகிறது. செம்பும் இரும்பும் சிறிதளவு கலந்தாலும் போதும், தூண்டுகோலாகிவிடும். ஈரம் செய்வது வேறு வேலை: அது கொழுப்பைப் பிளந்து அமிலத்தைத் தனியே பிரித்துவிடுகிறது. வெட்டிய வாழைக்காயிலே ஈரம் உண்டு, கரைத்த மாவிலே ஈரம் உண்டு. ஆகவே வாணலியிலே நான்கு பகைவரும் ஒன்றாகக் கூட்டணி அமைத்துவிடுகிறார்கள்!

சூரியகாந்தி எண்ணெய் எளிதில் ஆக்சிஜனுக்கு இடங்கொடுக்கும் கொழுப்பை மிகுதியாக உடையது. எனவே திரும்பத் திரும்பக் காய்ச்சினால் விரைவிலே கெடும். தேங்காயெண்ணெயிலே நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. எனவே மெல்லக் கெடும். நல்லெண்ணெய்க்கு இயற்கையே காவல் போட்டிருக்கிறது. எள்ளிலுள்ள செசமால் போன்ற பொருள்கள் ஆக்சிஜனைத் தடுத்து நிற்கின்றன. நம் பாட்டிமார் ஊறுகாய்க்கு நல்லெண்ணெயைத் தேர்ந்தெடுத்தது மந்திரத்தாலோ தந்திரத்தாலோ அல்ல. கண்டு தெளிந்த பட்டறிவால்! ஆனால் மெல்லக் கெடுவது என்பதாலேயே ஒன்று நெஞ்சுக்கு நல்லது என்று பொருளாகாது. பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. அது வாணலியிலே தாக்குப்பிடிக்கும். இரத்தக் குழாயிலே அளவு மீறினால் வம்பு செய்யும்.

"கொதிக்கிற எண்ணெய்தானே, அதிலே எந்தக் கிருமி பிழைக்கும்?" என்று கேட்பார் உண்டு. கிருமி பிழைக்காது, உண்மை. ஆனால் இங்கே கேடு செய்வது கிருமி அல்லவே! கெட்டிருப்பது எண்ணெயே. தண்ணீரைக் காய்ச்சினால் தூய்மையாகும். எண்ணெயைக் காய்ச்சக் காய்ச்சத் தூய்மை கெடும். தண்ணீரின் நியாயத்தை எண்ணெய்க்குச் சொன்னால் அது பகுத்தறிவாகாது, பழக்கதோஷமாகும்.

இன்னொரு தவறான நம்பிக்கை: பழைய எண்ணெயிலே புதிய எண்ணெயைச் சேர்த்தால் பழையது புதிதாகிவிடும் என்பது. நடப்பது நேர்மாறு. பழையதிலுள்ள பெராக்சைடுகள் புதியதையும் இழுத்துக் கெடுக்கின்றன. நிறம் சற்றுத் தெளியும், நஞ்சு தெளியாது.

கறுத்த எண்ணெய் தின்பவனை மட்டுமா தாக்குகிறது? நாள் முழுதும் அந்தப் புகையிலே நிற்கிற அம்மையாரை என்ன செய்கிறது? கண்ணைக் கரிக்கும் அந்தப் புகையிலே அக்ரோலின் என்ற பொருள் இருக்கிறது. மிகுந்த வெப்பத்திலே பொரிப்பதால் எழும் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்ற வரிசையிலே வைத்திருக்கிறது உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம். வாங்குகிறவன் நாலு பஜ்ஜியோடு போய்விடுகிறான். விற்கிறவர் நாலு மணி நேரம் நிற்கிறார். முதல் பலி யார்? எண்ணிப் பாருங்கள்!

இனிச் சட்டத்துக்கு வருவோம். சட்டம் இல்லாமல் இல்லை. 1954-ல் உணவுக் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. 2006-ல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம் வந்தது. 2011-ல் நடைமுறைக்கு வந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கழிவுப் பொருள்களை 'மொத்த முனைவுச் சேர்மங்கள்' என்று குறித்து, அவை 25 விழுக்காட்டைத் தாண்டினால் அந்த எண்ணெயிலே சமைக்கக்கூடாது என்று 2018 ஜூலை 1 முதல் விதி செய்தார்கள். அதே 2018 ஆகஸ்டில், பயன்படுத்திய எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆக்கும் திட்டத்தையும் அறிவித்தார்கள். நல்ல திட்டம்! வரவேற்கிறோம். 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலே டீசல் எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயால் ஓடிக்காட்டியது. வாணலியிலே நஞ்சாவது எஞ்சினிலே ஆற்றலாவது அறிவியலின் வெற்றிதான்.

ஆனால் விதியை ஊன்றிப் படியுங்கள். 2019 மார்ச் 1 முதல் கணக்கு எழுதிவைக்க வேண்டியவர் யார்? எண்ணெயைப் பதிவுபெற்ற சேகரிப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டியவர் யார்? நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கிறவர்! நம் தெருமுனை அம்மையார் ஒருநாளைக்கு இரண்டு லிட்டர் ஊற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது லிட்டர் ஆக இருபத்தைந்து நாள் ஆகும். ஆகவே அவருக்குக் கணக்குப் புத்தகம் இல்லை. சரி, தொல்லை இல்லை. ஆனால் சேகரிக்கும் வண்டியும் இல்லை! 25 விழுக்காடு என்னும் தடை மட்டும் அவருக்கும் உண்டு. அதை அளக்கும் கருவியை அவர் கண்டதுமில்லை. தண்டனை தெருவுக்கு வருகிறது; திட்டம் நெடுஞ்சாலையோடு நின்றுவிடுகிறது. எண்ணெய் கறுத்துப்போய்க் கிடக்கிறது. சட்டமோ சலவைக்குப் போட்ட சட்டைபோல் வெளுத்துப்போய்க் கிடக்கிறது!

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. பெரிய இடங்களிலே பொரித்து முடித்த எண்ணெய் கைமாறிச் சிறிய கடைகளுக்கும் சாலையோர வண்டிகளுக்கும் வந்துசேர்கிறது என்பதை உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லியிருக்கிறது. சீமான் உண்டு கழித்தது ஏழையின் வாணலிக்கு! எச்சில் இலை எடுத்து உண்பது கொடுமை என்று நெஞ்சம் குமுறிய நாடு இது. எச்சில் எண்ணெய்க்கு ஏன் குமுறவில்லை?

ஏன் அந்த அம்மையார் எண்ணெயைக் கொட்டத் தயங்குகிறார்? விலை! எண்ணெய் விலையை நிர்ணயிப்பது அயனம்பாக்கமா? இல்லை. நாட்டுக்கு வேண்டிய சமையல் எண்ணெயில் பாதிக்குமேல் வெளிநாட்டிலிருந்து வருகிறது. எண்ணெய் வித்து வளர்ச்சிக்கென 1986-ல் ஒரு பேரியக்கம் தொடங்கினார்கள். 1990களின் தொடக்கத்திலே நாடு ஏறத்தாழத் தன்னிறைவை எட்டியது. பிறகு கதவைத் திறந்தார்கள். மலேசியப் பனையும் இந்தோனேசியப் பனையும் உள்ளே வந்தன; நம் மானாவாரிக் கடலை நிலம் வாடியது. 2022-ல் உக்ரைனில் போர் மூண்டது. சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியது. அதே ஆண்டு ஏப்ரல் 28-ல் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியைத் தடுத்து, மே 23-ல்தான் திறந்துவிட்டது. எங்கோ ஒரு துறைமுகத்திலே கதவு சாத்தினால் இங்கே ஓர் ஏழையின் அடுப்பு நடுங்குகிறது!

2024 செப்டம்பரிலே டில்லி அரசு, கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களின் மீதான மொத்த இறக்குமதி வரியை 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 விழுக்காடாக ஒரே தாவலில் உயர்த்தியது. 2025 மே இறுதியிலே 16.5 விழுக்காடாக இறக்கியது. உழவனுக்காக உயர்த்தினோம் என்றார்கள். உழவனுக்கு விலை கிடைக்கட்டும். அதை மறுக்கும் மனம் நமக்கில்லை. ஆனால் கேட்கிறோம்: அந்த வரிப்பணத்திலே எவ்வளவு, திண்டிவனத்துக் கடலை உழவனுக்கு விதையாகவும் விலையாகவும் திரும்பி வந்தது? வரி ஏறும்போது தள்ளுவண்டிக்கு என்ன நிவாரணம் தந்தீர்கள்? பஜ்ஜி விலையை ஏற்றினால் தொழிலாளி வாங்கமாட்டான். எனவே அந்த அம்மையார் ஏற்றுவது விலையை அல்ல, எண்ணெயின் வயதை! டில்லியிலே வரி ஏறினால் அம்பத்தூரிலே வாணலி கறுக்கிறது. இதுதான் பொருளாதாரம், புள்ளிவிவரப் புத்தகத்திலே எழுதப்படாத பொருளாதாரம்!

இந்த மாநிலத்திலே 2007-ல் சிறப்புப் பொது விநியோகத் திட்டம் வந்தது. குடும்ப அட்டைக்குப் பருப்பும் பாமாயிலும் மலிவு விலையில் என்றார்கள். பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைத்தது, ஏழை வீட்டின் அடுப்பை அணையாமல் காத்தது. அதன் அருமையை அறியாதவர்கள் 'இலவசம்' என்று எள்ளி நகையாடுவார்கள். அடுப்பூதிய தாயைக் கேட்டால் அருமை தெரியும்.

சில்லறை எண்ணெயைப் பற்றியும் ஒரு சொல். 1998-ல் டில்லியிலே கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்ததால் உடல் வீங்கும் நோய் பரவி, சுமார் 60 பேர் மாண்டார்கள். அதன் பிறகுதான் எண்ணெயை அடைத்து, முத்திரையிட்டு விற்க வேண்டும் என்று அந்த ஆண்டே ஆணை பிறந்தது. 2011 விதிகளும் திறந்த எண்ணெய் விற்பனையைத் தடுக்கின்றன. என்றாலும் பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றும் விற்பனை ஒழிந்துவிட்டதா? ஏன் ஒழியவில்லை? அன்றாடம் கூலி பெறுகிறவன் அன்றாடம் வாங்குகிறான். பத்து ரூபாய்க்கு எண்ணெய் கேட்கிறான். அந்த அளவிலே முத்திரையிட்ட நல்ல எண்ணெயை நியாய விலையிலே கொடுக்காமல், பீப்பாயை மட்டும் பறித்தால் பயன் என்ன?

செக்கு எண்ணெய் மோகம் இப்போது பெருகியிருக்கிறது. செக்கு நமக்கு அந்நியமல்ல; கோவைச் சிறையிலே வ.உ.சிதம்பரனார் மாடு போல் இழுத்த செக்கின் நினைவு தமிழன் நெஞ்சிலே இருக்கிறது. சிறுதொழில் வாழட்டும், செக்கு சுழலட்டும்! ஆனால் செக்கு என்ற சொல்லே தரச்சான்று ஆகிவிடாது. பூஞ்சை பிடித்த கடலையை ஆட்டினால் அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சு எண்ணெயிலும் வரக்கூடும். 1960-ல் இங்கிலாந்திலே ஓர் இலட்சம் வான்கோழிகள் மடிந்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கிலேதான் இந்த நஞ்சைக் கண்டுபிடித்தார்கள். ஆகவே காய்ந்த, பொறுக்கிய, பூஞ்சையில்லாத கடலையை ஆட்டுகிற செக்கைத் தேடுங்கள். வீட்டிலே ஒருநாள் அசையாமல் வைத்து, மண்டியை அடியிலே தங்கவிட்டு, தெளிந்ததை வடித்தெடுத்து வையுங்கள். மண்டியிலே ஈரம் இருக்கும். ஈரம் பகைவன் என்பதை மறவாதீர்.

வீட்டு அடுப்புக்கும் சில சொற்கள். தாய்மார்களுக்கு மட்டுமல்ல, ஆடவருக்கும் சொல்கிறோம். அடுப்படி பெண்ணுக்கென்று எழுதிவைத்த சிறைக்கூடமல்ல. எண்ணெய்ப் பாத்திரம் அடுப்பின் அருகே இருக்கக்கூடாது. சன்னலோரம் வெயில் படும்படி கண்ணாடிப் புட்டியிலே வைக்கக்கூடாது. இறுக மூடும் எவர்சில்வர் தூக்கு நல்லது. செம்பும் பித்தளையும் ஆகா. மாதத் தேவைக்குமேல் வாங்காதீர். பெரிய டின் வாங்கினால் சிறு பாத்திரங்களிலே நிரம்ப ஊற்றி மூடிவிடுங்கள். டின் காலியாகக் காலியாக உள்ளே காற்று நிறைகிறது. பழைய தூக்கைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துக் காயவைத்த பிறகே புதிய எண்ணெயை ஊற்றுங்கள். ஈரக்கரண்டி விடாதீர். பொட்டலத்திலே அடைத்த தேதியையும், 14 இலக்க உரிம எண்ணையும் பாருங்கள்.

பொரிப்பதற்குச் சிறிய வாணலியிலே குறைந்த எண்ணெய் போதும். புகை எழும்வரை காயவிடாதீர். உதிர்ந்த மாவை அரித்தெடுத்துக்கொண்டே இருங்கள். கருகிய தூள்தான் எண்ணெயைக் கறுப்பாக்குகிறது. உப்பை வாணலிக்கு வெளியே தூவுங்கள். மிஞ்சியதை ஆறவிட்டு, துணியிலே வடித்து, ஓரிரு நாளில் தாளிப்புக்குத் தீர்த்துவிடுங்கள். மறுபடி பொரிக்க வேண்டாம். கடைக்காரர் தவிர்க்க முடியாவிட்டாலும் மூன்று முறையைத் தாண்டலாகாது என்பது ஆணையத்தின் அறிவுரை. நுரை பொங்கினால், பிசுபிசுத்தால், முன்பைவிட விரைவிலே புகைந்தால், சிக்கு வாடை அடித்தால் விட்டுவிடுங்கள். விட்டதைச் சாக்கடையிலே ஊற்றாதீர். குழாயிலே அது கட்டிபிடித்து அடைக்கும். மழை வந்தால் ஏரிக்குப் போகும். அயனம்பாக்கம் ஏரி நம் பிள்ளைகளுக்கும் வேண்டும்.

இவ்வளவும் நாம் செய்வோம். ஆட்சியாளர் செய்ய வேண்டியது என்ன?

அம்பத்தூரிலே ஆவின் பால்பண்ணை இருக்கிறது. அதற்குப் பின்னால் இருக்கும் ஏற்பாட்டை எண்ணிப் பாருங்கள். ஒற்றை மாடு வைத்திருக்கும் ஒரு தாய், கொஞ்சம் பால் கொண்டுவந்தாலும் கூட்டுறவுச் சங்கம் வாங்குகிறது, தரம் பார்க்கிறது, அளக்கிறது, காசு கொடுக்கிறது. "ஐம்பது லிட்டர் இருந்தால் வா" என்று சொல்வதில்லை! வெள்ளைப் பாலுக்குச் செய்ய முடிந்ததைக் கறுத்த எண்ணெய்க்குச் செய்ய முடியாதா? சந்தைதோறும், நியாய விலைக் கடைதோறும் ஒரு பீப்பாய் வையுங்கள். ஒரு லிட்டர் கொண்டுவந்தாலும் அளந்து காசு கொடுங்கள்; அல்லது பழையதற்கு ஈடாகப் புதிய எண்ணெயிலே விலை தள்ளிக் கொடுங்கள். கொட்டினால் நட்டம் என்ற நிலை மாறி, கொடுத்தால் இலாபம் என்ற நிலை வரட்டும். அன்றைக்கு அந்த அம்மையாரின் வாணலி தானே வெளுக்கும். எந்த அதிகாரியும் தடியைத் தூக்க வேண்டியதில்லை.

தெருவோர வியாபாரிகளைப் பதிவுசெய்து அட்டை கொடுக்க 2014-ல் சட்டம் வந்திருக்கிறது. அந்த அட்டையைக் காட்டினால் கூட்டுறவு விலையிலே சிறு பொட்டலங்களாக நல்ல எண்ணெய் கிடைக்கட்டும். அளக்கும் கருவியோடு அதிகாரி வரட்டும். முதல்முறை கற்றுக்கொடுக்கட்டும், இரண்டாம்முறை எச்சரிக்கட்டும். முதல்முறையே தண்டம் விதிக்க வேண்டிய இடம் வேறு: நாளொன்றுக்கு ஐம்பது லிட்டர் ஊற்றுகிற பெரிய அடுப்படி! வாங்கியது எவ்வளவு, ஒப்படைத்தது எவ்வளவு, இடையிலே காணாமற்போனது எங்கே என்று கணக்கைக் கேளுங்கள். அந்தக் காணாமற்போன எண்ணெய்தான் ஏழையின் தட்டுக்கு வருகிறது.

"இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று கேட்கலாம். எண்ணெய் இறக்குமதியிலே வரி வாங்கத் தெரிந்தவர்களுக்கு, அதிலே ஒரு துளியைத் தெருமுனைக்கு அனுப்பத் தெரியாதா? சேகரித்த எண்ணெய் வீணாவதுமில்லை, பயோடீசலாகி விலைபெறுகிறது. மருத்துவமனை வாசலிலே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவனுக்குச் செலவாகும் பணத்தோடு ஒப்பிட்டால், பீப்பாயின் விலை பெரிதா?

ஏழை உண்ணுவதிலே நஞ்சிருந்தால் அது ஏழையின் தலைவிதி என்று ஒரு காலத்திலே சொன்னார்கள். விதி அல்ல, சதி என்று எடுத்துச்சொல்லி வளர்ந்த இயக்கம் நம்முடையது. நாளை மாலையும் அந்தத் தெருமுனையிலே அடுப்பு எரியும். தொழிலாளி வருவான். பிள்ளைக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொல்வான். அந்தப் பொட்டலத்திலே அன்பு இருக்கட்டும், நஞ்சு வேண்டாம். அதற்கு வழி செய்யும் வரையிலே கேட்டுக்கொண்டே இருப்போம்.